சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம்: யாழ்ப்பாணம் எதைக் கேட்க வேண்டும்

இலங்கையில் சைகை மொழிக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. அமைச்சரவை வரையும் அது போயிருக்கிறது. ஆனால் பெரும்பாலும் ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. அந்த வரி நாளைக்கே சட்டமானாலும், யாழ். போதனா வைத்தியசாலையில் துண்டெடுத்துக் காத்திருக்கும் செவிப்புலனற்ற தாய் ஒருவருக்கு அன்று காலை எதுவும் மாறாது. அவருக்கு வேண்டியது தமிழைச் சைகைக்கும் சைகையைத் தமிழுக்கும் கொண்டுவரத் தெரிந்த ஒருவர். அந்த ஒருவர் அதற்கென்று பயிற்சியும் சம்பளமும் பெற்றவராக இருக்க வேண்டும். நாட்டில் இருக்கும் சொற்ப உரைபெயர்ப்பாளர்களில் பெரும்பாலானோர் சிங்களத்துக்கும் சைகைக்கும் இடையில் வேலை செய்பவர்கள். ஆகவே வடக்கில் இருப்பவர்கள் தேசியக் கோரிக்கையைத் திருப்பிச் சொல்வதோடு நிற்கக் கூடாது. அதில் தமிழ் எந்த இடத்தில், எந்த வாசகத்தில் வர வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை. சைகை மொழி, பேச்சுத் தமிழைக் கையால் நடித்துக் காட்டுவது அல்ல. கையின் வடிவம், கை நிற்கும் இடம், அசைவு, உள்ளங்கை பார்க்கும் திசை, முகபாவம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே ஒரு சொல் அமைகிறது. இவற்றில் ஒன்று மாறினால் பொருளும் மாறிவிடும். புருவத்தை உயர்த்துவதும் தலையைச் சாய்ப்பதும் வெறும் உணர்ச்சி வெளிப்பாடு அல்ல. கேள்வியா, மறுப்பா, நிபந்தனையா என்பதைக் காட்டும் இலக்கண உறுப்புகள் அவை. அமெரிக்கச் சைகை மொழி பற்றி வில்லியம் ஸ்ரோக்கி 1960இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான் மொழியியலாளர்கள் இதை மெல்ல ஏற்றுக்கொண்டார்கள்.

அதற்கு முந்திய எண்பது ஆண்டுகள் வேறு திசையில் போயிருந்தன. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குச் சைகையால் கற்பிப்பதைக் கைவிட்டுப் பேச்சுப் பயிற்சியாலேயே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் செவிப்புலனற்றவர்கள் இல்லை என்றே சொல்லலாம். அந்தத் தீர்மானத்தின் தாக்கம் உலகமெங்கும் பரவியது. இலங்கையில் 1912இல் மிஷனரிமாரால் தொடங்கப்பட்டு இரத்மலானையில் நிலைபெற்ற முதற் பாடசாலையும் அந்தச் சூழலில் பிறந்ததுதான். மிலான் தீர்மானத்துக்காக, அதே மாநாட்டுத் தொடரில் 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடிய மாநாடு முறைப்படி வருத்தம் தெரிவித்தது. இதற்குள் நான்கைந்து தலைமுறைப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு படிக்க வேண்டியிருந்தது.

வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நீண்டகாலமாக இடம் கொடுத்து வருகிறது. எந்த நாட்டிலும் சைகை மொழி வளர்வது இப்படியான பாடசாலைகளின் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும்தான். ஒரே நாட்டுக்குள் பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் வேறுபடுவதற்கும் இதுதான் காரணம். உறவுப் பெயர், உணவு, ஊர்ப் பெயர், சமய நிகழ்வு போன்றவற்றில் இந்த வேறுபாடு கூடுதலாகத் தெரியும். 'இலங்கைச் சைகை மொழி' என்று சட்டம் ஒன்றைப் பெயரிட்டு அங்கீகரிக்கும்போது, கொழும்பில் தொகுக்கப்பட்ட ஓர் அகராதியில் இருப்பது மட்டுமே சரியானது என்று பொருள்படக் கூடாது. வடக்கு, கிழக்கு வழக்குகளும் அந்த மொழிக்குள் அடங்கும் என்று வரைவிலக்கணத்திலேயே எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவரின் சைகை 'பிழை' என்று நீதிமன்றத்தில் ஒதுக்கப்படும் ஆபத்து இருக்கிறது.

எழுதிக் காட்டினால் போதாதா?

அலுவலகங்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பலருக்குப் போதாது. பிறப்பிலேயே காது கேளாத பிள்ளைக்குத் தமிழ் தாய்மொழியாக வந்து சேர்வதில்லை. காதால் கேட்டுப் பழகாத ஒரு மொழியை எழுத்திலிருந்து மட்டும் கற்பது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழின் உருபுகளே காட்டும். 'அவரை அடித்தேன்', 'அவரால் அடிக்கப்பட்டேன்' என்ற இரண்டு வாக்கியங்களிலும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிபவை அவர், அடி என்ற இரண்டும்தான். யார் அடித்தது, யார் வாங்கியது என்பதை முடிவுசெய்வது ஐ, ஆல், படு என்ற சிறு துண்டுகள். சைகை மொழியிலோ அதே செய்தியை அசைவின் திசை சொல்லிவிடும். கை யாரிடமிருந்து யாரை நோக்கிப் போகிறது என்பதில் சந்தேகம் வராது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தை எழுதிக் காட்டி ஒப்பம் வாங்கும்போது முறைப்பாட்டாளர் குற்றவாளியாக மாறிவிடக்கூடிய இடம் இது. இதற்கு மேல் அரச கடிதங்களின் நடை வேறு. 'தங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு வருகின்றது' என்பதைப் படித்துவிட்டு, விண்ணப்பம் ஏற்கப்பட்டதா மறுக்கப்பட்டதா என்று தெரியாமல் வீடு திரும்புகிறவர்கள் பலர்.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதும் பொதுவாக நம்பப்படுகிற அளவுக்குக் கைகொடுப்பதில்லை. 'பாடு', 'மாடு' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். 'பத்து', 'மத்து' என்பவையும் அப்படியே. ககரமும் ஙகரமும் தொண்டைக்கு அருகில் பிறப்பதால் வெளியே தெரிவதில்லை. ல, ள, ழ வேறுபாடும் ன, ண வேறுபாடும் நாவின் வேலை. உதட்டுக்கு அதில் பங்கில்லை. நல்ல வெளிச்சத்தில், எதிரில் இருக்கும் பழகிய ஒருவரைப் பார்த்து, பேசும் விடயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஓரளவு பிடிக்கலாம். மருத்துவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு, குனிந்து எழுதியபடி பேசினால் அதுவும் போய்விடும்.

இப்படிப் போகிற உரையாடலில் என்ன பிழைக்கிறது என்பதை வைத்தியசாலையில் தெளிவாகக் காணலாம். 'மூன்று வேளை ஒவ்வொன்று' என்பதும் 'ஒரு வேளைக்கு மூன்று' என்பதும் விரலால் காட்டும்போது மூன்று, ஒன்று என்ற இரண்டு எண்களாகச் சுருங்கிவிடுகின்றன. நோயாளி தலையாட்டுவார். அந்தத் தலையாட்டல் பல வேளைகளில் 'விளங்கிவிட்டது' என்பதல்ல. 'உங்கள் நேரத்தை இதற்குமேல் எடுக்க விரும்பவில்லை' என்பதுதான். ஆகவே 'விளங்கியதா?' என்று கேட்பதில் பயன் இல்லை. 'எப்படி எடுப்பீர்கள், காட்டுங்கள்' என்று கேட்டுக் குளிசையை அவர் கையால் பிரித்து வைக்கச் செய்வதே நம்பத்தக்க வழி. இலக்கத்தைக் கூப்பிடும் கிளினிக்குகளில் ஓர் எண்பலகை வைப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. இன்றைக்கே செய்யலாம்.

வீட்டாரை உரைபெயர்க்க வைப்பது இன்னொரு பழக்கம். பன்னிரண்டு வயது மகள் தாயின் கர்ப்பப்பை நோயை விளக்க நேர்கிறது. கணவனுக்கு எதிராக முறைப்பாடு கொடுக்க வந்த பெண்ணுக்குக் கணவனின் தங்கையே உரைபெயர்ப்பாளர் ஆகிறார். காணி உறுதி எழுதும்போது பங்கு கேட்கும் சகோதரனே இடையில் நிற்கிறான். இவர்களில் யாரையும் கெட்டவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் இரகசியம் காத்தல், எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுதல், பக்கம் சாராமை ஆகிய மூன்று கடமைகளையும் உறவினர் ஒருவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இருக்கும் சட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்

ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சமவாயம் 2006 டிசம்பரில் நிறைவேறியது. இலங்கை 2007 மார்ச்சில் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் உறுதிப்படுத்தியது. அதன் 2ஆம் உறுப்புரை 'மொழி' என்பதற்குள் சைகை மொழிகளையும் சேர்க்கிறது. 9ஆம் உறுப்புரை தொழில்முறை உரைபெயர்ப்பாளரைப் பற்றிச் சொல்கிறது. 13 நீதியை அணுகுவதைப் பற்றியது. 21 சைகை மொழியை அங்கீகரித்து ஊக்குவிக்கும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. 24 கல்வியில் சைகை மொழியையும் செவிப்புலனற்ற சமூகத்தின் மொழி அடையாளத்தையும் வலியுறுத்துகிறது. எழுத்தில் குறைவில்லை. ஆனால் சமவாயத்தை உறுதிப்படுத்தியதால் மட்டும் அது நம் நீதிமன்றங்களில் நேரடியாக வழக்காடத்தக்க சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் தனியே சட்டம் இயற்ற வேண்டும்.

உள்நாட்டில் அடிப்படையாக இருப்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம். வேலைக்குச் சேர்ப்பதிலும் கல்வி நிறுவன அனுமதியிலும் பாகுபாடு காட்டுவதை அதன் 23ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். உரைபெயர்ப்பை யார், எப்போது, யார் செலவில் தர வேண்டும் என்ற பிரிவு அதில் இல்லை. அரச வேலைகளில் 3 வீதம் ஒதுக்கச் சொல்லும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. ஆனால் நேர்முகப் பரீட்சைக்கு உரைபெயர்ப்பாளர் இல்லாமல் அழைக்கப்படும் செவிப்புலனற்றவருக்கு அந்த 3 வீதம் எட்டாத கொம்பில் இருக்கிறது.

அரசியலமைப்பையும் பார்க்க வேண்டும். 18ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் அரச கரும மொழிகளாக்குகிறது. 12(2)இல் பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளாக இனம், மதம், மொழி, சாதி, பால் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உடற்குறைபாடு என்ற சொல் கிடையாது. 12(4) மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 'மொழி' அந்தப் பட்டியலில் இருக்கிறது. சைகை மொழி சட்டப்படி மொழி என்று ஏற்கப்பட்ட மறுநாளே, சேவை மறுக்கப்பட்டவர் 'என் குறைபாட்டைக் கவனிக்கவில்லை' என்று இரக்கம் கேட்க வேண்டியதில்லை. 'என் மொழியின் பேரில் பாகுபாடு காட்டப்பட்டது' என்று வாதாட வலுவான இடம் கிடைக்கும். அங்கீகாரம் வெறும் அடையாள வெற்றி என்று நினைப்பவர்கள் இந்தக் கதவைக் கவனிப்பதில்லை.

நீதிமன்றத்துக்குள் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது. பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் அளிக்கலாம், திறந்த நீதிமன்றத்தில் அளிக்கப்படும் அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 119ஆம் பிரிவு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட வாசகம் இது. சாட்சியம் ஏற்கப்படுமா என்ற கேள்விக்கு அது விடை தருகிறது. அதைத் தமிழாக்குபவரின் தகுதி என்ன, அவரை யார் சோதிப்பது என்ற கேள்விகளைத் தொடுவதில்லை.

கட்டட அணுகல் தொடர்பான அனுபவம் இங்கே மிகப் பயனுள்ள பாடம். 2006இல் அணுகல் ஒழுங்குவிதிகள் வந்தபோது சாய்தளம், கைபிடி, கழிப்பறை, மின்தூக்கி என்று அவை பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்டன. அஜித் பெரேரா தொடுத்த அடிப்படை உரிமை வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அவற்றைப் பின்பற்றும்படி உத்தரவிட முடிந்ததற்கு ஒரு காரணம், மீறல் எது என்று அளந்து காட்ட முடிந்ததுதான். தொடர்பாடலுக்கு அப்படி அளக்கக்கூடிய ஒழுங்குவிதி இல்லை. 'இயன்றவரை வசதி செய்யப்படும்' என்ற வாசகத்தை வைத்து எந்த நீதிபதியும் யாரையும் பிடிக்க முடியாது.

பிற நாடுகளில் வாசகம் எப்படி வித்தியாசத்தை உண்டாக்கியது என்று பார்க்கலாம். நியூசிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் சைகை மொழியை அரச மொழியாக்கியதோடு, சட்ட நடவடிக்கைகளில் அதைப் பயன்படுத்தும் உரிமையையும் தனியாளின் கையில் கொடுத்தது. ஐக்கிய இராச்சியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியச் சைகை மொழியை அங்கீகரித்து, அமைச்சு அறிக்கை வெளியிட வேண்டும் என்றது. ஒருவர் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சேவை கேட்கும் உரிமையாக அது எழுதப்படவில்லை. தென்னாபிரிக்கா 2023இல் அரசியலமைப்பைத் திருத்திச் சைகை மொழியைப் பன்னிரண்டாவது அரச மொழியாக்கியது. நமக்குத் தேவை முதலாவதின் உரிமை வாசகம். அதை வைத்தியசாலைக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீட்டியதாக இருக்க வேண்டும்.

வரைவில் இருக்க வேண்டியவை நான்கு. சைகை மொழி தன்னளவில் முழுமையான மொழி, அது சிங்களத்தின் கிளையோ தமிழின் கிளையோ அல்ல என்ற அறிவிப்பு முதலாவது. செவிப்புலனற்றவர் கேட்டால் அரச நிறுவனம் தன் செலவில் உரைபெயர்ப்புத் தர வேண்டும் என்பது இரண்டாவது. சாதாரண விடயத்துக்கு இத்தனை வேலைநாள், அவசரத்துக்குக் காணொளி வழியாக உடனடியாக என்று காலம் குறிக்கப்பட வேண்டும். மூன்றாவது, அந்த உரைபெயர்ப்பு சேவை பெறுபவரின் குடும்பமும் அலுவலகமும் பயன்படுத்தும் அரச கரும மொழியில் இருக்க வேண்டும், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில். இந்த மூன்றாவதைத் தென்னிலங்கை நண்பர்கள் எதிர்ப்பதில்லை. கண்ணில் படாததால் விட்டுவிடுகிறார்கள். நாம் எழுதிக் கொடுக்காவிட்டால் அது வரைவில் வராது. நான்காவது, உரைபெயர்ப்பாளரைப் பதிவு செய்து தரம் பிரிக்கும் சபையில் செவிப்புலனற்றவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும், அதில் தமிழ்ப் பகுதியினருக்கு இடம் உறுதி செய்யப்பட வேண்டும்.

எந்த அமைச்சின் கீழ் என்பதும் சிறிய விடயமல்ல. சமூக சேவைக்குள் மட்டும் வைத்தால் சைகை மொழி ஊன்றுகோல், சக்கர நாற்காலி வரிசையில் ஓர் உதவிப் பொருளாகிவிடும். அரச கரும மொழிகள் நிர்வாகத்தோடும் அது இணைக்கப்பட வேண்டும். மொழித் தேர்ச்சிப் பரீட்சையும் உரைபெயர்ப்பாளர் ஆளணியும் கொடுப்பனவும் அங்கேதான் இருக்கின்றன.

யாழ். மாவட்டத்துக்கு எத்தனை பேர் தேவை

'ஆள் இல்லை, பணம் இல்லை' என்ற பதிலுக்கு ஒரு கணக்கு வைத்திருப்பது நல்லது. யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள். ஒவ்வொன்றிலும் வாரத்தில் ஒரு காலை என்று நாள் குறித்து அறிவித்தால் 15 காலைகள். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்பதால் மூன்று உரைபெயர்ப்பாளர்கள் அதைச் சுற்றி முடித்துவிடலாம். பிற்பகலில் பொலிஸ், பாடசாலை அழைப்புகளுக்கு அவர்களே போகலாம். போதனா வைத்தியசாலைக்கு இருவர், நீதிமன்றங்களுக்கு இருவர். மொத்தம் ஏழு பேர். நீதிமன்றத்துக்கு ஒருவர் போதாதா என்று கேட்பார்கள். கேட்டுக்கொண்டே கையால் மாற்றிச் சொல்லும் வேலையில் ஏறக்குறைய 20 நிமிடத்துக்குப் பிறகு மூளை களைத்துவிடும். களைத்தவர் வசனங்களைத் தம்மை அறியாமலே சுருக்கத் தொடங்குவார். அதனால்தான் ஒரு மணி நேரத்தைத் தாண்டும் விசாரணைக்கு இருவர் மாறி மாறிச் செய்வது உலக வழமை.

நெடுந்தீவுக்கு வாரந்தோறும் ஆள் அனுப்புவது நடைமுறையில் கடினம். குறிகாட்டுவானில் படகு நின்றுவிட்டால் அந்த வாரம் போய்விடும். அங்கே காணொளி அழைப்பே வழி. அதற்கும் சில அளவுகள் உண்டு. படம் விநாடிக்கு 25 சட்டகங்கள் அளவில் ஓட வேண்டும். 12க்குக் கீழே இறங்கினால் விரலெழுத்து, அதாவது பெயர்களை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது, தொடர்பறுந்து, பெயரும் எண்ணும் தப்பாகும். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு சைகை செய்ய முடியாது, ஆகவே தாங்கி வேண்டும். தலை உச்சியிலிருந்து இடுப்பு வரையும் இரண்டு முழங்கைகளும் திரைக்குள் தெரிய வேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி இருந்தால் முகம் கறுத்துவிடும், முகத்தோடு பாதி இலக்கணமும் போய்விடும். ஒரு தாங்கி, நல்ல இணைப்பு, வெறுமையான சுவர் என்பவற்றோடு ஒரு சிறு அறையை ஒதுக்குவது எந்தச் செயலகத்துக்கும் இயலும்.

இன்னொரு தேவை அடிக்கடி மறக்கப்படுகிறது. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து பாடசாலையே போகாமல் வளர்ந்த செவிப்புலனற்றவர்கள் வடமராட்சி கிழக்கிலும் வன்னியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டுக்குள் உருவான சைகைகள் மட்டுமே தெரியும். பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளரும் அங்கே தடுமாறுவார். அப்போது செவிப்புலனற்ற ஒருவரையே இடையில் வைப்பார்கள். வீட்டுச் சைகையை அவர் படித்து, நடிப்பும் படமும் சேர்த்து விடயத்தை எடுத்து, முறையான சைகையில் உரைபெயர்ப்பாளருக்குத் தருவார். இப்படி இருவராகச் செய்வது நேரம் எடுக்கும், ஆனால் வாக்குமூலம் ஒன்றுக்கு வேறு பாதுகாப்பான வழி கிடையாது. இந்தப் பணியைச் சம்பளத்துக்குரிய தொழிலாக வரைவில் குறிப்பிட வேண்டும்.

ஏழு பேரை எங்கே எடுப்பது? சைகை தெரிந்த ஆசிரியர்களும் செவிப்புலனற்ற பெற்றோரின் காது கேட்கும் பிள்ளைகளும் இயல்பான தொடக்கம். ஆனால் சைகை தெரிவது வேறு, உரைபெயர்ப்பது வேறு. மொழித் தேர்ச்சி, உரைபெயர்ப்பு நுட்பம், தொழில் ஒழுக்கம், பின்னர் சட்டம் அல்லது மருத்துவம் என்ற சிறப்புப் பயிற்சி என்று படிப்படியாகப் போக வேண்டும். பல நாடுகளில் இது இரண்டு முதல் நான்கு ஆண்டுப் படிப்பு. மூன்று மாதச் சான்றிதழோடு ஒருவரை நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஆளே இல்லாததைவிட ஆபத்தானது, ஏனெனில் பிழை பதிவேட்டில் ஏறிவிடும். மொழியியல் கற்பிக்கப்படும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஒரு டிப்ளோமாவைத் தொடங்க முடியும். சைகையைக் கற்பிப்பவர்கள் செவிப்புலனற்றவர்களாகவே இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காத்திருக்க நேரமில்லை

சட்டம் தாமதமாகலாம், குழந்தையின் மூளை தாமதிக்காது. பிறந்த ஒரு மாதத்துக்குள் கேட்டல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பதே சர்வதேச வழிகாட்டல். முதல் ஐந்து ஆண்டுகளில் ஏதாவது ஒரு மொழி முழுமையாகக் கிடைக்காத பிள்ளைக்குப் பின்னர் கணக்கும் கடினம், காரணகாரியம் சொல்வதும் கடினம். செவிப்புலனற்ற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள், ஆகவே அந்த வீட்டில் யாருக்கும் சைகை தெரிந்திருக்காது. கேட்டல் கருவி பொருத்தினால் சைகை கற்பிக்கக் கூடாது, கற்பித்தால் பேச்சு வராது என்று இன்னும் சில பெற்றோருக்குச் சொல்லப்படுகிறது. இது அவர்களுக்குச் செய்யப்படும் பெரிய அநீதி. கருவி எப்போதும் வேலை செய்யாது. குழந்தையின் காது வளர வளர, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து கருவி கீச்சிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டும். நம்மூர் வெக்கையில் வியர்வை கருவிக்குள் இறங்கும். பற்றரி தீரும். அந்த இடைவெளிகளிலெல்லாம் பிள்ளைக்கு மொழி தேவை. சைகை அதைக் கொடுக்கும், பேச்சைத் தடுக்காது.

நடைமுறையில் முதலில் குழந்தையைப் பார்ப்பவர் குடும்ப நல உத்தியோகத்தர். கிளினிக் கொப்பியில் கேட்டல் பற்றிய பகுதியை அவர் தட்டிக் கழிக்காமல் நிரப்புவதும், சந்தேகம் வந்தால் 'கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்' என்று சொல்லாமல் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவதும் பல ஆண்டுகளைக் காப்பாற்றும். அந்தப் பரிந்துரைக் கடிதத்தோடு, பெற்றோருக்குத் தமிழ் விளக்கத்துடன் சைகை கற்பிக்கும் வகுப்பு எங்கே நடக்கிறது என்ற தகவலும் சேர்ந்து போக வேண்டும்.

இலக்கங்களை எப்படிக் கையாள்வது

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 389,077 பேர் கேட்டலில் சிரமம் உள்ளவர்கள். இந்த எண்ணை மனுக்களில் அப்படியே போடுவது பிழை. முதுமையில் கேட்டல் குறைந்தவர்களும் அதில் அடங்குகிறார்கள்; அவர்களுக்குத் தேவை சைகை மொழி அல்ல. 'எந்த மொழியில் தொடர்புகொள்கிறீர்கள்' என்று அந்தக் கணக்கெடுப்பு கேட்கவில்லை. பெரிய எண்ணைக் காட்டினால் 'இத்தனை பேருக்கு எப்படிச் செலவழிப்பது' என்று திறைசேரி பின்வாங்கும். சரியான எண் சிறியது, செலவும் சிறியது. அதை எடுக்கும் வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கமான அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கக் காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவருக்கு உதவி, கோரிக்கையை எழுத்தில் பதிவது தகவல் அலுவலரின் கடமை. 14 வேலைநாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாள்களுக்குள் மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வி குறுகியதாக இருக்க வேண்டும். 'செவிப்புலனற்றோருக்கு என்ன செய்துள்ளீர்கள்' என்று கேட்டால் சக்கர நாற்காலி விநியோகத்தின் பட்டியல்தான் வரும். மாறாக, 15 பிரதேச செயலகங்களிலும் இப்படிக் கேட்கலாம்: உங்கள் பிரிவில் பதிவுசெய்யப்பட்ட செவிப்புலனற்றோர் எத்தனை பேர், வயது வாரியாக, கடந்த ஆண்டில் சைகை உரைபெயர்ப்புக்குச் செலவான தொகை எவ்வளவு, சைகை மொழிப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் எத்தனை பேர், பயிற்சி எந்த மொழி மூலம் நடந்தது. வரும் பதில்களில் பல 'இல்லை' என்றே இருக்கும். எழுத்தில் ஒப்பத்தோடு வரும் அந்த 'இல்லை' மனுவின் முதல் இணைப்பு.

சேவை மறுக்கப்பட்ட தனிச் சம்பவங்களுக்கு வேறு வழி. அடிப்படை உரிமை மனுவை 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆள் தேடி, சம்பவத்தை விளக்கி, சட்டத்தரணியைப் பிடிப்பதற்குள் செவிப்புலனற்றவருக்கு அந்த மாதம் ஓடிவிடும். ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சம்பவம் நடந்த அன்றே திகதி, நேரம், அலுவலகத்தின் பெயர், என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் கிடைத்தது என்பவற்றைச் செவிப்புலனற்றவர் தன் கைபேசியில் சைகையிலேயே பதிவுசெய்து வைப்பது நல்ல பழக்கம். பிறகு அதை ஆறுதலாகத் தமிழாக்கலாம்.

மாகாண மட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. உடல், உள வலுவிழந்தோரின் மறுவாழ்வும் நலனும் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் மாகாண சபைப் பட்டியலில் உள்ளன. வடக்கு மாகாண சபையின் முதற் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. சபை கூடும் காலத்தில் நியதிச்சட்டம் (மாகாண சபை இயற்றும் சட்டம்) ஒன்றைக் கேட்கலாம். சபை இல்லாத காலத்திலும் ஆளுநரின் கீழ் இயங்கும் சமூக சேவைகள், கல்வி, சுகாதாரத் திணைக்களங்களுக்குச் சுற்றறிக்கை வழியாகப் பணிப்புரை பெற முடியும்.

தேசிய மேடையில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்கள் இருக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. செவிப்புலனற்ற சிங்களவரும் தமிழரும் சந்தித்தால் கைகளால் விரைவாக ஒரு வழிக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் கூட்டக் குறிப்பும் வரைவும் கடிதமும் சிங்களத்தில் எழுதப்பட்டால் வடக்கின் பிரதிநிதி வீட்டுக்குக் கொண்டுவந்து யாருக்கும் காட்ட முடியாது. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னர் தமிழ்ப் பிரதி, மண்டபத்தில் தமிழ்–சைகை உரைபெயர்ப்பாளர், குறிப்பு தமிழிலும் என்ற மூன்றையும் செவிப்புலனற்றோரின் தேசியச் சம்மேளனத்தின் யாப்பிலேயே கேட்டுச் சேர்க்க வேண்டும். கூடவே, செவிப்புலனற்றோருக்காக நடத்தப்படும் நலன்புரி நிறுவனங்களின் காது கேட்கும் நிர்வாகிகள் பிரதிநிதியாகப் போய் வாக்களிக்கக் கூடாது. சமவாயத்தின் 4(3) உறுப்புரை கலந்தாலோசிக்கச் சொல்வது உரிமைக்குரியவர்களையே, அவர்களுடைய அமைப்புகள் ஊடாக.

கடைசியாக நாட்காட்டி. உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனம் 1951 செப்டெம்பர் 23இல் தொடங்கப்பட்டதை ஒட்டி, அந்த நாளை ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச சைகை மொழிகள் தினமாக அறிவித்து, 2018 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. நம்மூரிலும் ஊர்வலமும் மகஜரும் அன்றுதான் வருகின்றன. ஆனால் வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வாசிக்கப்படுகிறது. அமைச்சுகளும் திணைக்களங்களும் தங்கள் மதிப்பீட்டை நடு ஆண்டிலேயே தயாரித்துவிடும். செப்டெம்பரில் கொடுக்கும் மகஜர் அந்த ஆண்டு வண்டியைத் தவறவிட்டுவிடுகிறது. ஜனவரியில் தகவல் விண்ணப்பங்கள், மார்ச்சில் பதில்களைத் தொகுத்து ஏழு ஆளணிக்கான செலவுக் கணக்கு, மே மாதத்தில் மாவட்டச் செயலாளரிடமும் மாகாணத் திணைக்களங்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் அந்தக் கணக்கோடு சந்திப்பு என்று வைத்துக்கொண்டால், செப்டெம்பர் 23 அன்று கேட்க வேண்டிய கேள்வி 'எங்களுக்கு என்ன தருவீர்கள்' என்பதல்ல. 'மே மாதம் தந்த கணக்கு மதிப்பீட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது' என்பது.